பின் இருக்கையின் பிரேக்

அக்கா கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போன பிறகு, அந்த இரட்டை சைக்கிள் மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தது. சாதாரண சைக்கிளைவிட ஒன்றரை மடங்கு நீளம், தடித்த டயர், இரண்டு இருக்கை, இரண்டு ஹேண்டில்பார். மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. முன்னால் அக்கா, பின்னால் தங்கை. தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது.

திருப்புவது, கியர் மாற்றுவது, எங்கே நிற்பது என்று முடிவு செய்வது எல்லாம் முன்னால் இருப்பவர் பாடு. பின்னால் இருப்பவர் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த வண்டியில் பின் ஹேண்டில்பாரிலும் ஒரு பிரேக் லீவர் இருந்தது. இரண்டு பேர் எடையோடு நீண்ட இறக்கத்தில் போகும்போது முன்னால் இருப்பவரின் பிரேக்குகள் சூடேறிக் கைவிட்டுவிடும். அப்போது பின் சக்கரத்து டிஸ்க் பிரேக்கைப் பின்னால் இருப்பவர் விடாமல் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அக்கா "பிடி" என்பாள். இவள் பிடிப்பாள். அந்த வண்டியில் இவள் கையில் இருந்த ஒரே அதிகாரம் அது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். அக்கா தயங்கித் தயங்கி நின்றபோது, "நான் என்ன பச்சைக் குழந்தையா? போய்த் தொலையேன்" என்று பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்ததே இவள்தான். அவள் போய்த் தொலைந்த பிறகுதான், இரண்டே அறை கொண்ட வீடு எவ்வளவு பெரிசு என்று தெரிந்தது. சாவியை மேஜைமேல் போட்டால் அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

இவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து மாலை வரை காதில் குரல்கள். "எலும்பு டாக்டர்." "குழந்தை வார்டு." "ரத்த பேங்க்." யாரும் இவளோடு பேசுவதற்காகக் கூப்பிடுவதில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் காத்திருப்பார்கள். இணைத்துவிட்டால் போய்விடுவார்கள். அக்கா இருந்த வரையில் இதெல்லாம் ஒரு குறையாகவே தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்துகொண்டிருந்தது, அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலையில் அக்கா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவாள். கண்ணில் பட்டதையெல்லாம் சொல்வாள், படாததையும் சொல்வாள். "ஒரு ஆடு கண்ணாடி போட்டுக்கிட்டு பாறை மேல நிக்குதுடி." "பொய்." "பொய்யில்ல, ரீடிங் கிளாஸ்." இப்படியே மேலே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அக்கா போன புதிதில் தினமும் பேசினாள். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் பின்னணியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்க. "வண்டிய வித்துடேன். படிக்கட்டுக்குக் கீழ சும்மாதானே இருக்கு" என்றாள் ஒரு நாள். தரைத்தள வீட்டுக்காரரும் அதையேதான், கொஞ்சம் மரியாதையாக, போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் இரண்டு பேருக்கும் "பாக்கலாம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒருவனுக்கு சைரன் என்று பட்டப்பெயர். வாயைத் திறக்கவே மாட்டான் என்பதால் வைத்த பெயர். அவன் ஒரு மத்தியானம் கேன்டீனில் இவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மேடம், உங்ககிட்ட டபுள் சைக்கிள் இருக்காமே?"

"இருக்கு. முன்னாடி உக்காரத்தான் ஆளில்ல."

"நான் ஓட்டுறேன். பேஷன்ட் இல்லாம மலைப்பக்கம் போயி ரொம்ப நாளாச்சு."

அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டார்கள். ஏற்றத்தில் அவன் சீராக மிதித்தான். மூச்சுச் சத்தத்தைத் தவிர அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இறங்கும்போது, முதல் வளைவு தாண்டியதும், "பிடிங்க" என்றான். இவள் லீவரை அழுத்தினாள். அழுத்தம் ஏறி வந்து, அடியில் எங்கோ டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு லீவர் ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பே இல்லை, வெறும் கம்பி.

"பிடிங்க மேடம்!"

"பிடிச்சிருக்கேன்! ஒண்ணும் பிடிக்கல!"

அவன் தன் பிரேக்குகள் இரண்டையும் அழுத்தி, காலைத் தரையில் தேய்த்து, வண்டியைப் பாதையோரத்துப் புதருக்குள் விட்டான். முழங்கை சிராய்த்தது, வேறொன்றும் ஆகவில்லை. இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே கீழே வந்தார்கள்.

"இதைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க மேடம். வரேன்" என்றான் அவன்.

குரலைக் கேட்டே ஆள் வருவானா மாட்டானா என்று இவளால் சொல்லிவிட முடியும், தொழில் அப்படி. ஆனால் இவன் பேசியதே கையளவு. அதில் எதை வைத்து எடை போடுவது?

சைக்கிள் கடைக்காரர் பின் சக்கரத்தருகே இருந்த காலிப்பரைக் கழற்றித் திறந்தார். டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் உலோகப் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இவள் உள்ளங்கையில் வைத்தார். காசு அளவில் ஒரு தட்டு. அதில் சரிவாக வெட்டிய மூன்று பள்ளங்கள். பள்ளத்துக்கு ஒன்றாக மூன்று எஃகுக் குண்டுகள். கேபிளை இழுத்தால் தட்டு திரும்பும், குண்டுகள் சரிவில் ஏறும், பிரேக் பேட் என்கிற கட்டையை டிஸ்க்கோடு அழுத்தும். இவள் நகத்தால் பள்ளங்களைத் தடவிப் பார்த்தாள். மூன்றாவது பள்ளத்தில் நகம் மாட்டியது.

"விரிசல் விட்டிருக்கு" என்றாள்.

"ஆமாம்மா. ஆனா இந்தக் கம்பெனியையே மூடி ரொம்ப வருஷமாச்சு."

"வேற காலிப்பர் மாட்டிடலாமே?"

"அங்கதான் இடிக்குது. ஃப்ரேம்ல இருக்கிற ஓட்டை இந்தக் கம்பெனி சாமானுக்கு மட்டும்தான் பொருந்தும். இப்ப வர எதுவும் அதுல உக்காராது. வெல்டிங் வைக்கலாம்னா அலுமினியம், சூடு காட்டினா பலம் போயிடும். இறக்கத்துல உங்க உசுருக்கு நான் பதில் சொல்ல முடியாது."

அன்றிலிருந்து தேடல் ஆரம்பித்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நாளெல்லாம் அடுத்தவருக்காக லைன் போட்டவள், இப்போது தனக்காகப் போட்டாள். ஊர் ஊராகக் கடைகள். சிலர் பாதியிலேயே வைத்தார்கள். சிலர் "புது வண்டியே எடுத்துடுங்களேன்" என்றார்கள். ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில், "இது மோட்டார் பைக்குங்களா?" என்றார். சைக்கிள்காரர்களின் இணையக் குழு ஒன்றில் எழுதிப் போட்டாள். பார்வையில்லாதவள் மலையேறுகிறாள் என்று தெரிந்ததும் சல்யூட் சல்யூட்டாக வந்து குவிந்தது. கைபேசி அத்தனையையும் ஒரே குரலில் படித்துக் காட்டியது. தட்டு மட்டும் வரவில்லை.

ஒரு கடைக்காரன் சத்தியம் செய்யாத குறையாக, "அச்சு அசல் அதேதான் மேடம்" என்று அனுப்பி வைத்தான். பார்சலைப் பிரித்ததும் இவள் விரல் துள்ளியது. அதே அளவு, அதே எடை, மூன்று பள்ளம். பிறகு பழைய தட்டைப் பக்கத்தில் வைத்துத் தடவினாள். சரிவு நேரெதிராக இருந்தது. எதிர்ப்புறம் மாட்டுகிற காலிப்பருக்கானது. கேபிளை இழுத்தால் பிடிப்பதற்குப் பதிலாக விட்டுவிடும். அன்றைக்கு இவள் சாப்பிடவில்லை. பசி இல்லாததால் அல்ல. ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்ட அன்றைக்கு மனசு வரவில்லை.

அக்காவிடம் சொன்னாள். "ஒரு தட்டுக்காகவாடி இந்தப் பாடு?" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்கு அங்க தனியா கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள்.

"தட்டுதான் கஷ்டமா இருக்கு" என்றாள் இவள்.

கடைசியில் ஒரு துப்பு கிடைத்தது. மூடிப்போன அந்தக் கம்பெனிக்கு முன்பு ஏஜென்டாக இருந்தவர், வயதானவர், காதும் மந்தம். இவள் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"டேண்டமா? அந்த ரெட்டை சைக்கிளை யாரு வாங்கினா? விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு புருஷன் பொண்டாட்டி வாங்கினாங்க. அவரு சர்வேயர். முன்னாடி அவரு, பின்னாடி அந்தம்மா. சண்டை போட்டுக்கிட்டே கடையை விட்டுப் போனாங்க, சண்டை போட்டுக்கிட்டே சர்வீஸுக்கு வந்தாங்க. வண்டி ரெண்டா உடையும்னு நினைச்சேன், உடையல. இருங்க, நம்பர் இருக்கான்னு பாக்கிறேன்."

நம்பர் இருந்தது. போனை எடுத்தது அந்த அம்மாள். உற்சாகமான, படபடவென்று பொரியும் குரல்.

"அந்த வண்டியா? இருக்கும்மா, கூடத்துல குதிரை மாதிரி நிக்குது. தாராளமா வந்து வேண்டியதைக் கழட்டிக்கோ. முழுசாவே எடுத்துக்கிட்டுப் போனாலும் சந்தோஷம்."

"நீங்க ஓட்டறதில்லையா?"

"எங்கேம்மா ஓட்டறது" என்று மட்டும் சொன்னாள் அந்த அம்மாள். படபடவென்ற பேச்சு அந்த இடத்தில் கொஞ்சம் தடுக்கியது. இவள் அதைக் கவனித்தாள். ஆனால் கேட்கவில்லை.

லீவு போட்டுவிட்டு ரயிலில் போனாள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. அந்த அம்மாளே வாசலில் நின்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கூடத்தில் நுழைந்ததும் ரப்பர் வாசனையும், வலிக்குத் தேய்க்கிற தைல வாசனையும் சேர்ந்து அடித்தன. அதோடு இன்னொன்றும் இவளுக்குத் தெரிந்தது. அந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"சார் இங்கதான் இருக்காரா?" என்று கேட்டாள்.

"இருக்காரும்மா. பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. வலது கை, வலது கால் ரெண்டும் சரியில்ல. கம்பு ஊன்றி நடப்பாரு."

"நான் பிரேக்குக்காக வரேன்னு அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அதான் பேச்சு போயிடுச்சுன்னு சொன்னேனேம்மா." அந்த அம்மாளின் குரல் ஏறியது. "காலையில எழுந்தா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பொழுதுபோனாலும் அதேதான். துடைக்கணும்னு கையைக் காட்டுவாரு, நான் துடைக்கணும். எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல. நீ எடுத்துட்டுப் போயிடு."

அப்போது டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். யாரோ பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர்தான் கை நீட்டிச் சுற்றினார். இவளுக்கு ஒரு மனிதரின் வீட்டுக்குள் வந்து அவர் கண்ணெதிரே திருடுவது போல இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் அதையும் அவரிடம் சொல்லாமல் போவது சரியில்லை என்று பட்டது. சத்தம் வந்த பக்கமாக நடந்து, கையை நீட்டினாள்.

"சார், எனக்குக் கண்ணு தெரியாது. நீங்க தலையாட்டினா எனக்குப் புரியாது. உங்க பின் பிரேக்கை எடுத்துக்கலாமா? சரின்னா என் கையை அமுக்குங்க. வேணாம்னா விட்டுடுங்க, நான் கிளம்பிடறேன்."

கொஞ்ச நேரம் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு சொரசொரப்பான ஓர் இடது கை அதைப் பிடித்தது. ஆனால் அமுக்கவில்லை. இழுத்தது. சைக்கிளின் பின் ஹேண்டில்பாருக்குக் கொண்டுபோய், லீவரின் மேல் இவள் விரல்களை வைத்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும் லீவரில் இருக்கும்படி, மற்ற விரல்களைப் பிரித்து ஹேண்டிலைச் சுற்றி வளைத்துவிட்டது.

அவர் எழுந்து கம்பை ஊன்றிப் பின்பக்கம் போவது கேட்டது. வண்டி ஒரு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது போலும். அவர் பின் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார். சக்கரம் காற்றை அறுத்துக்கொண்டு சுற்றியது.

இவளுக்குப் புரிந்துவிட்டது. விரல்களை மெதுவாக மடக்கினாள். பேட் டிஸ்க்கைத் தொட்ட இடம் தெரிந்தது. அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். சக்கரம் முனகிக்கொண்டே தளர்ந்து, கடைசியில் ஒரு உலுக்கலும் இல்லாமல் நின்றது.

அவர் மறுபடியும் தள்ளினார், இன்னும் வேகமாக. இவள் மறுபடியும் பிடித்தாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை. வேகத்தைப் பாதியாக்கி, அப்படியே வைத்துக்கொண்டாள், நீண்ட இறக்கத்தில் வைப்பது போல. அவர் திரும்பவும் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். இவள் மணிக்கட்டு வலிக்கிற வரையில் தாங்கினாள்.

"எனக்கு இந்த மாதிரி ஒருநாளும் வராதும்மா" என்றாள் அந்த அம்மாள், சற்றுத் தள்ளியிருந்து. "சடக்குனு பிடிச்சிடுவேன். வண்டி குலுங்கும். அதுக்குத்தான் எங்களுக்குள்ள அத்தனை சண்டையும்."

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலோ என்று இவள் நினைத்தாள். சிரிப்பு. அந்த அம்மாள் சட்டென்று சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

காலிப்பரை அவரே கழற்றினார். இவள் உதவிக்குக் கை நீட்டியபோது மெல்லத் தள்ளிவிட்டார். இடது கையால் மட்டும், திருகு கழற்றும் அலன் கீ வழுக்கி வழுக்கி விழ, குனிந்து எடுத்து மறுபடி பொருத்தி. ஒரு திருகு தரையில் உருண்டபோது இவள் சத்தம் போன திசையில் தவழ்ந்து எடுத்துக் கொடுத்தாள். அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார். பிற்பகல் முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் காலிப்பரையும், வாஷர்களையும் திருகுகளையும் இவள் மடியில் வைத்து, எந்த வாஷர் எந்தத் திருகோடு என்று விரலைப் பிடித்துக் காட்டினார். பிறகுதான், இவள் கிளம்பும்போது, கையை ஒருமுறை அமுக்கினார்.

கடைக்காரர் அதைப் பொருத்திப் புதுக் கேபிள் போட்டுக் கொடுத்தார். வண்டி தயார். அதன் பிறகு சைரனுக்குப் போன் செய்ய இவளுக்குக் கை வரவில்லை. அந்தத் தட்டு உடைந்து கிடந்தவரை, அவன் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. இனிமேல் அதுவும் இல்லை. ஒரு வாரம் ஒத்திப் போட்டாள். கடைசியில் ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சிலிருந்தே, ஆம்புலன்ஸ் ஷெட்டுக்கு லைன் போட்டாள்.

"பிரேக் கிடைச்சிடுச்சு" என்றாள்.

"சரி மேடம். ஞாயிறு காலையில வரேன்" என்றான். வைத்துவிட்டான்.

வந்தான். சொன்ன நேரத்துக்கு, டயருக்குக் காற்றடிக்கப் பம்பும் கையோடு கொண்டு. மேலே ஏறி முடித்ததும் வண்டியை நிறுத்தி இருவரும் தண்ணீர் குடித்தார்கள். காற்று நன்றாக வீசியது. எங்கோ வெகு கீழே லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

"என்ன தெரியுது இங்கேருந்து?" என்று கேட்டாள்.

அவன் நிஜமாகவே யோசித்தான். "ஒண்ணுமில்ல மேடம். மரம். அப்புறம் ரோடு."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற... மரம்தான் மேடம்."

"சரி" என்றாள். அவன்மேல் என்ன தப்பு? இருப்பதைத்தான் சொல்கிறான். இத்தனை நாள் தேடி எடுத்தது பிரேக்கைத்தான், அது கிடைத்துவிட்டது. அதோடு சேர்த்து அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமையும் திரும்பி வரும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தது தனக்கே அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைக்கவில்லை. காற்றே காய வைத்துவிட்டது.

இறக்கத்தில் அவன் "பிடிங்க" என்றான், பிடித்தாள். "விடுங்க" என்றான், விட்டாள். பிரேக் ஒரு முனகலோடு அவர்கள் இருவரின் எடையையும் தாங்கிக்கொண்டு வந்தது. பாதியிலிருந்து அவன் சொல்வதையே விட்டுவிட்டான். வண்டி சாய்கிற விதத்திலேயே எங்கே பிடிக்க வேண்டும் என்று இவளுக்குத் தெரிந்தது, அவனும் அதை நம்பி ஓட்டினான். கீழே வந்து நின்றதும், "சூப்பர் பிரேக் மேடம்" என்றான். அவன் அளவில் அது ஒரு சொற்பொழிவு.

வீட்டு வாசலில் வண்டியை உள்ளே தள்ளிக் கொடுத்துவிட்டு, "அடுத்த ஞாயிறு டூட்டி. அதுக்கு அடுத்தது பாக்கலாம்" என்று சொல்லிப் போனான்.

இவள் படிக்கட்டில் உட்கார்ந்து சர்வேயர் வீட்டுக்குப் போன் செய்தாள். அந்த அம்மாள்தான் எடுத்தாள்.

"பிரேக் நல்லா பிடிக்குதும்மா. இன்னிக்கு மலை இறங்கி வந்தோம். சார்கிட்ட சொல்லணும்."

"தூங்குறாரே. எழுந்ததும் சொல்றேன். குலுங்கலையே?"

"குலுங்கல."

"அதையும் சொல்றேன்" என்றாள் அந்த அம்மாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது. "அடுப்புல இருக்கும்மா, வைக்கட்டுமா?"

"வைங்க."

போனை மடியில் வைத்துக்கொண்டு பின் சக்கரத்தின் பக்கம் கையை நீட்டினாள். டிஸ்க்கின் சூடு தொடாமலே உள்ளங்கையில் பட்டது. தரைத்தள வீட்டுக்காரரின் கதவு திறந்தது. அவர் வந்து நின்று, "இந்த வண்டிய..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சூடு குறையும்வரை இவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, படிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டு மாடி ஏறினாள்.